முள்ளின் மேல் எட்டணா

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு அறுபத்தெட்டு. தாடி வைத்திருந்தவர் சீடர்தான்.

குரு எப்சிபாவுக்கு இருந்ததெல்லாம் ஒற்றைப் பின்னல், கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடி, அதிகம் பேசாத வாய், இவ்வளவுதான். பாளையங்கோட்டையில் சர்ச்சுக்குப் பின்னால் உள்ள தெருவில் அவருடைய வீட்டு முன்னறையே பட்டறை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ரெக்கார்டு பிளேயர்கள் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கும். ஊமையாக வந்தவை பாடிக்கொண்டு திரும்பும். ஆனால் குருவுக்குச் சுட்டுப்போட்டாலும் பாட்டு வராது. ஞாயிற்றுக்கிழமை அவர் கீர்த்தனைக்கு வாய் திறந்தால் முன்பெஞ்சில் இருப்பவர்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். காது மட்டும் பாம்புச் செவி.

சீடர் ஆவுடையப்பன் முப்பத்தைந்து வருடம் மைக் செட் வைத்திருந்தவர். கோயில் கொடையோ கல்யாணமோ சடங்கோ, அவர் புளியமரத்தில் ஏறிக் கூம்புக் குழாயைக் கட்டினால்தான் ஊருக்கு விசேஷம் தொடங்கும். தொழிலை மகனிடம் விட்ட பிறகு, ஒருநாள் காலையில் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு சின்ன இசைத்தட்டோடு எப்சிபாவின் வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒரு சந்தேகம் கேக்கணும். தட்டைத் தேய்க்காத முள்ளு எது?"

இசைத்தட்டில் சுற்றிச் சுற்றி ஓடும் பள்ளக் கோட்டில் இறங்கி, அங்கே கிடக்கும் பாட்டை எடுத்துக்கொடுக்கும் வைரத் துணுக்கைத்தான் முள் என்பார்கள். எள்ளைவிடச் சின்னது. அது தட்டைத் தொட்டால்தான் பாட்டு. தொட்டால் தேய்மானமும் உண்டு. முப்பத்தைந்து வருடத் தொழிலில் ஆவுடையப்பனுக்கு இது தெரியாமல் இல்லை.

எப்சிபா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த மேசையில தூசி கெடக்கு. கொஞ்சம் தொடைங்க அண்ணாச்சி."

ஆவுடையப்பன் துடைத்தார். மறுநாளும் வந்து துடைத்தார். மூன்றாம் நாள் துடைத்து முடித்தபோது எப்சிபா அவர் கையில் ஒரு திருப்புளியைக் கொடுத்தார். சீடரானது இப்படித்தான். தன்னைவிட இருபத்தொன்பது வயது இளையவரை அவர் டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கினார். கொண்டுவந்த தட்டை மட்டும் சுற்றிய வேட்டியோடு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, டீச்சரும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். அவருடைய பழைய செட்டின் முள் கைவசம் இருந்தால் எடுத்துவரும்படி எப்சிபா சொன்னார். மறுநாள் தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து எடுத்துவந்தார். எப்சிபா அதையும் ஒரு புது முள்ளையும் மைக்ராஸ்கோப்பின் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவரைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

புதுசின் முனை கடுகு மாதிரி வழவழவென்று உருண்டிருந்தது. அவருடையது இரண்டு பக்கமும் தேய்ந்து பட்டையாகி, உளி மாதிரி நின்றது.

"இதை எப்ப மாத்துனிய?"

"மாத்தலை. பாடிக்கிட்டுத்தான இருந்துச்சு."

"மேல என்ன வச்சிருந்திய?"

"எட்டணா."

கொடைக்கு வேட்டுப் போட்டால் தரை அதிரும். தரை அதிர்ந்தால் முள் துள்ளி, பாட்டு பாதி வரியைத் தாண்டி ஓடிவிடும். அதற்காக முள் இருக்கும் கையின் தலையில் ஓர் எட்டணாவை மெழுகு வைத்து ஒட்டிவிடுவது அந்தக் காலத்து மைக் செட்காரர்களின் கைவைத்தியம். முள் தேயத் தேயப் பாட்டு கரகரத்தது. கரகரத்தால் இன்னொரு எட்டணா. அதற்கும் மசியவில்லை என்றால் சத்தத்தைக் கூட்டுவது. தட்டைக் குறை சொன்னார்கள், மழையைக் குறை சொன்னார்கள், கரண்டைக் குறை சொன்னார்கள். பாடுகிற முள்ளை யாரும் சந்தேகப்படவில்லை.

அன்று எப்சிபா மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது ஆவுடையப்பன் எழுந்திருக்கவில்லை. அப்புறம் தானாகவே சொல்லத் தொடங்கினார்.

அவருக்கு ஒரே தங்கை, வடிவு. பதினேழு வயதில் அவள் முப்பிடாதி அம்மன் மேல் இரண்டு பாட்டுப் பாடி, கோயில் கமிட்டியார் அதை இசைத்தட்டாகப் போட்டார்கள். பாட்டைக் கட்டியது ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். மொத்தம் நூறு தட்டு. பத்து தட்டை அண்ணன் வாங்கிக்கொண்டார். வாங்கிப் பெட்டியிலா வைப்பார்? போகிற ஊரெல்லாம் போட்டார். கொடியேற்றத்துக்குப் போட்டார், பெண்ணழைப்புக்குப் போட்டார், ஒரு முறை கட்சிக் கூட்டத்திலும் போட்டுத் திட்டு வாங்கினார். "பாடுறது எந்தங்கச்சி" என்று கேட்காதவர்களிடமும் சொன்னார். ஒவ்வொரு தட்டாக எட்டணாவுக்கு இரையானது. பத்தாவது மட்டும் மிஞ்சியது.

வடிவைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்தார்கள். அவளுடைய இளைய மகள் சிவகாமியின் காதுகுத்துக்கு, எல்லாரும் கேசட்டுக்கு மாறிவிட்ட காலத்தில், தாய்மாமன் அந்த ஒரு பாட்டுக்காகவே பழைய செட்டைத் தூக்கிக்கொண்டு போனார். சபை கூடியதும் பத்தாவது தட்டைப் போட்டார். கூம்புக் குழாயிலிருந்து வந்தது பாட்டு இல்லை. தகரத்தில் ஆணியால் இழுக்கிற சத்தம். சம்பந்தி வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுக்களைக்குள் போன வடிவு அழுதுகொண்டே சொன்னது அவர் காதில் விழுந்தது.

"எங் கொரலை நீயே இப்பிடிக் கிழிச்சுப் போட்டியே அண்ணே."

அன்றைக்குத் தட்டை வேட்டியில் சுற்றியவர்தான். தன் கை பட்டால் எதுவும் உருப்படாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதன் பிறகு வடிவு வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் அவர் போகாமல் இருந்ததில்லை. சீர்வரிசையை வாசலில் வைப்பார், மாலையைப் போடுவார், பேருக்குக் கை நனைத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். பொங்கலன்று போன் போட்டு நல்லா இருக்கியா என்பார். அவள் இருக்கேன் என்பாள். இப்படி இருபத்தெட்டு வருடம்.

ஆறிப்போன சோற்றில் எப்சிபா அவருக்காக மறுபடி ரசத்தைச் சூடாக்கி ஊற்றினார். தேய்ந்த முள்ளைத் தீப்பெட்டியில் போட்டு அவரிடமே கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஆவுடையப்பனின் கை பஞ்சாகிவிட்டது. முள் இவ்வளவு கிராம் எடையோடு தட்டில் இறங்க வேண்டும் என்று ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு கணக்கு அதன் பெட்டியிலேயே போட்டிருக்கும். முள் மாட்டிய கையின் பின்பக்கத்தில் உள்ள குண்டைத் திருகினால் அந்த எடை கூடும், குறையும். ஆவுடையப்பன் எல்லா முள்ளுக்கும் பாதி எடைதான் வைத்தார். யார் வீட்டுத் தட்டாக இருந்தால் என்ன, அது நோகக்கூடாது என்பது அவர் கட்சி.

ஒரு வாரத்தில் பெருமாள்புரத்து டாக்டர் ஒருவர் பிளேயரைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். பாட்டு சீறுகிறது, தட்டுகளும் புதுசாகக் கீறல் விழுந்த மாதிரி கேட்கின்றன என்று வருத்தப்பட்டார். எப்சிபா எடையைப் பார்த்தார். ஆவுடையப்பனையும் பார்த்தார். பிறகு உள்ளே போய், காலஞ்சென்ற தன் அப்பாவின் செருப்பை எடுத்துவந்து சீடர் முன்னால் போட்டார். அப்பா ஆறடி ஆள், செருப்பு பத்தாம் நம்பர். ஆவுடையப்பனுக்கு ஏழாம் நம்பர் கால்.

"இதைப் போட்டுக்கிட்டு முக்குக் கடையில மூணு டீ வாங்கிட்டு வாங்க அண்ணாச்சி."

குரு சொன்னால் சீடர் என்ன செய்வார்? லொடக் லொடக்கென்று நடந்து போனார். டீயோடு திரும்பி வரும்போது நொண்டினார். டாக்டர் எழுந்து அவர் குதிகாலைக் குனிந்து பார்த்தார். தோல் உரிந்திருந்தது.

"செருப்பு இறுக்கமா?" என்று எப்சிபா கேட்டார்.

"தொளதொளன்னுல்லா இருக்கு. ஒவ்வொரு எட்டுக்கும் களண்டு களண்டு வந்து இடிக்கு."

எப்சிபா டீயைக் குடித்தார். குடித்து முடித்ததும் டாக்டருடைய பிளேயரின் குண்டைத் திருகி, பெட்டியில் போட்டிருந்த எடையைச் சரியாக வைத்துக் கொடுத்தனுப்பினார். சீடருக்கு இரண்டு நாள் குதிகாலில் மஞ்சள் பத்து.

அடுத்தவர் தட்டுகளுக்கு அன்றிலிருந்து அவர் சரியான எடையே வைத்தார். அலமாரியின் மேல்தட்டில் இருந்தது மட்டும் இறங்கவில்லை.

பங்குனி மாதம் ஒரு காலைநேரம் சிவகாமி போன் பண்ணினாள். காதுகுத்தின்போது மாமன் மடியில் உட்கார்ந்து அலறிய அதே சிவகாமி. அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி, திங்கட்கிழமை ஆபரேஷன் என்றாள். உயிருக்குப் பயமில்லை. ஆனால் குரல் இப்போது இருப்பது மாதிரி இருக்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. அந்தப் பழைய தட்டு மாமாவிடம் இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள், அவளுக்கே கேட்க என்னவோ போல இருக்கிறதாம் என்றாள்.

ஆவுடையப்பன் பட்டறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொல்லி முடிக்கவே அவருக்கு நேரமாயிற்று.

"அதுல ஒண்ணும் மிச்சம் இருக்காதே டீச்சர். நாந்தான் எல்லாத்தையும் சொரண்டிட்டேனே."

எப்சிபா ஒரு தாளை எடுத்து, வாய் அகன்று அடி குறுகிய ஒரு பள்ளத்தை வரைந்தார். அதன் இரண்டு சுவர்களிலும் பாதி உயரத்தில் பென்சிலால் கறுப்பாகத் தேய்த்தார். உருண்டை முள் அந்த உயரத்தில்தான் உட்காரும், தேய்ந்ததெல்லாம் அங்கேதான். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்தார். அதில் இருந்த முள் உருண்டை இல்லை, ஒடுங்கிச் சீவியது. பென்சில் முனையைக் கறுப்புக்குக் கீழே, வெள்ளையாக இருந்த இடத்தில் வைத்தார்.

"இது இங்க போய் உக்காரும். ஒங்க எட்டணா இவ்வளவு தூரம் போயிருக்காது."

ஆவுடையப்பன் அந்த வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வடிவை வரச்சொல்லிவிட்டார். முன்கூட்டி ஒருமுறை போட்டுப் பார்க்கலாமே என்று டீச்சர் சொன்னதற்கு மட்டும் ஒப்பவில்லை. ஒவ்வொரு தடவை போடுவதும் ஒரு தேய்மானம், போட்டால் ஒரே தடவை, அதுவும் அவள் முன்னால் என்று பிடிவாதமாக நின்றார். எப்சிபா வற்புறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வடிவு வந்தாள். அறுபது வயது, கழுத்தைச் சுற்றி முந்தானை, கையில் தூத்துக்குடி மக்ரூன் பொட்டலம். வாசலிலேயே நின்று, வாண்ணே என்று தன் வீட்டுக்கு வந்தவரைக் கூப்பிடுவது போல அண்ணனைக் கூப்பிட்டுவிட்டு, தன் தப்புக்குத் தானே சிரித்தாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. ஆவுடையப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல், நல்லா இருக்கியா என்றார். இருக்கேன் என்றாள். பொங்கல் பேச்சு முடிந்துவிட்டது.

வேட்டியைப் பிரித்தார். தட்டைக் கழுவித் துடைத்தது டீச்சர். புது முள்ளைப் பூட்டியதும் டீச்சர். எடையை நானே வைக்கிறேன் என்று சீடர் கேட்டுக்கொண்டார். குண்டைத் திருகினார், கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. பிளேயரின் கையைத் தட்டில் இறக்கிவிட்டு, சுவரோடு ஒட்டி நின்றார்.

வந்தது கரகரப்பு. ஒரு குரல் இருப்பது தெரிந்தது. ஆனால் அது எந்த எழுத்திலும் நிற்காமல் தெறித்து ஓடியது. ச வந்த இடமெல்லாம் எண்ணெயில் தண்ணீர் பட்டது போலப் பொரிந்தது. வடிவு முந்தானையை வாயருகே கொண்டுபோனாள். காதுகுத்து வீட்டின் அதே முகம். ஆவுடையப்பன் ஓடிப்போய்க் கையைத் தூக்கி, தட்டை எடுத்து, வேட்டியை விரித்தார்.

"சுத்தாதிய அண்ணாச்சி. எடை எவ்வளவு வச்சிய?"

"முக்கா கிராம்."

"பெட்டியில என்ன போட்டுருக்கு?"

"ஒண்ணே முக்கா."

"ஏன் கொறச்சிய?"

வாய் முந்திக்கொண்டது.

"அவளுக்கு வலிக்கும்லா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வேட்டியும் தட்டுமாக அப்படியே நின்றார். எப்சிபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வடிவு மெதுவாக எழுந்து அண்ணன் அருகில் வந்தாள்.

"இதுக்குத்தானா? இருபத்தெட்டு வருசமா வாசல்ல சீரை வச்சிட்டு பஸ்ஸுக்கு ஓடுனியே, இதுக்குத்தானா?"

அவர் தட்டை வேட்டியில் சுற்றப் போனார்.

"ஒனக்குக் கோவம் தீரலைன்னு நெனச்சேன் அண்ணே. ஏதோ வாய்தவறிச் சொல்லிட்டேன், அதை நீ மனசுல வச்சிக்கிட்டு வந்து வந்து போறேன்னு நெனச்சேன். ஒவ்வொரு விசேசத்துக்கும் ஒனக்கு எலை போட்டு ஒக்கார வச்சிட்டுத் திரும்பிப் பாப்பேன். நீ இருக்க மாட்டே."

சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்தது. அண்ணனுக்கு அதற்கு முன்பே வந்திருந்தது, தாடி அதை மறைக்கப் பார்த்தது. அவர் கையிலிருந்த தட்டை வடிவு வாங்கினாள். சுற்றப்போன வேட்டியையும் உருவி நாற்காலியில் போட்டாள்.

"என்ன எடை போட்டிருக்கோ அதை வையி."

ஆவுடையப்பன் எப்சிபாவைப் பார்த்தார். அவர் வந்து உதவுவதாக இல்லை. தானே குண்டைத் திருகினார். ஒன்று. ஒன்றேகால். அங்கே விரல் நின்றுவிட்டது. வடிவு பக்கத்திலேயே நின்றாள். ஒன்றரை. ஒன்றே முக்கால். கையை இறக்கினார். இந்தத் தடவை சுவருக்குப் போகவில்லை.

முதலில் இலேசான இரைச்சல். அப்புறம் ஆர்மோனியம். அப்புறம் ஒரு மூச்சு. பாடுவதற்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை பயந்துகொண்டே இழுக்கிற மூச்சு. கூம்புக் குழாயில் அவர் ஒருநாளும் கேட்டிராதது. பிறகு பதினேழு வயது வடிவு பாடினாள். பழைய கரகரப்பு ஓர் ஓரமாக இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் குரல் அதைத் தாண்டி வந்து, எழுத்து எழுத்தாக, நின்று பாடியது.

வடிவு கழுத்துக் கட்டியின் மேல் கையை வைத்தபடி கேட்டாள். இரண்டாவது அடியில் அவளுடைய உதடும் சத்தமில்லாமல் கூடவே அசைந்தது. மூன்று நிமிடம் ஆவுடையப்பன் எங்கேயும் ஓடவில்லை. அவர் சந்தோஷமாக இருந்தார். அவ்வளவு சந்தோஷம் தனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்று அவர் நினைத்ததே இல்லை.

பாட்டு முடிந்தது. முள் நடுவில் நிற்க, தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அவர் பிளேயரின் கையைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தார். பழக்கதோஷத்தில் கண் வேட்டியைத் தேடியது. வேட்டி இருந்த நாற்காலியில் வடிவு உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"இன்னொரு தடவை போடு அண்ணே."

அவர் தட்டைப் பார்த்தார். முதல் நாள் வாசலில் நின்று கேட்ட அதே கேள்வி மறுபடி அவர் தொண்டைக்கு வந்தது.

"திரும்பப் போட்டாத் தேயாதா டீச்சர்?"

எப்சிபா மக்ரூன் பொட்டலத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"தேயும் அண்ணாச்சி. போடுங்க."